மறதியும் ஊசியும்



1938-இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனம் சென்ற டாக்டர் பிஜய் குமார் பாசு, பின்னாளில் அக்குபங்சர் முறையை இக்கல்கத்தா மாநகருக்குக் கொணர்ந்தார். வலிக்கு அதனால் பயன் கண்டோர் நம் காலனியிலும் உளர். எனவே, எங்கள் அத்தைக்கு மறதி கண்டதும் ஓர் ஊசி நிலையத்தையே நாடினோம். சீனர் 'பாய்ஹுயி' என்றழைக்கும் உச்சந்தலைப் புள்ளியில் மயிரிழை போன்ற ஊசியை ஏற்றினர். உறக்கம் நன்கு வந்தது; மறதியோ மிகுந்தது.

ஐந்து திங்கள் கழித்தே ஒரு மருத்துவர் குருதியைச் சோதித்து, பி12 உயிர்ச்சத்துக் குறைவு என்றார். புலால் உண்ணாத முதியோர்க்கு இது நேர்வதுண்டு. அதற்கும் ஊசிதான், ஆனால் மருந்தூசி! இழந்தவற்றுள் பாதியே மீண்டது. அந்த ஐந்து திங்களே எங்களை உறுத்துகின்றன.

குருதிக்குழாய்க் கோளாற்றால் வரும் நினைவுத் தளர்ச்சிக்கு அக்குபங்சர் உதவுமா என்று காக்ரேன் ஆய்வுக் குழுவினர் 2007-இல் ஆராய்ந்தனர். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் செய்த தகுந்த சோதனை ஒன்றேனும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஊசியைப் பழிக்க நாங்கள் வரவில்லை. தைராய்டு, உயிர்ச்சத்து, மனச்சோர்வு, அன்றாடம் உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அத்தை இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். காளிகாட்டுக்கு வழி சொல்வார். எங்கள் பெயர்தான் சில நாள் வருவதில்லை.