எலியின் வம்சவரலாறு



புற்றுநோய் வார்டில் ஒரு தாயார், "ஐயா, இந்த மருந்தை முதலில் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?" என்று கேட்டார்கள். "எலிக்கு, அம்மா" என்றேன்.

அது நம் பரணில் ஓடுகிற எலியல்ல. உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் குறைந்தது 20 தலைமுறை இணைத்து, எல்லாம் ஒரே அச்சாய் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அப்போதுதான் கட்டி சுருங்கியது மருந்தினாலா, அந்த எலியின் பிறவிக் கூறினாலா என்று பிரித்தறிய முடியும். 1982-இல் அமெரிக்காவில், ஒரே இனம் என்று விற்கப்பட்ட எலிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தது தெரியவந்தது. அவற்றை நம்பி வருஷக்கணக்காய்ச் செய்த சோதனைகளை என்ன செய்வது? தவறான கணக்கின் பாரம் கடைசியில் நோயாளியின் படுக்கைக்கல்லவா வருகிறது! ஆகவே இன்று ஜீனையும் கிருமிகளையும் அடிக்கடி பரிசோதிக்கிறார்கள். கருக்களை உறையவைத்தும் காக்கிறார்கள். (வேதாகமத்தின் வம்சவரலாற்று அதிகாரங்களை வேகமாய்ப் புரட்டிவிடுகிறவன் நான், இவர்களோ எலிக்கே எழுதி வைக்கிறார்கள்.)

1947 அக்டோபரில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகம் காட்டுத் தீயில் எரிந்தது. எலிகளில் பெரும்பாலானவை மாண்டன. முன்பு அங்கிருந்து எலி பெற்றிருந்த ஆராய்ச்சியாளர்கள், அதே வம்சத்துக் குட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதைச் சொன்னபோது அந்தத் தாயார், "எலிக்கும் ஜாதகமா ஐயா?" என்று சிரித்துவிட்டு, மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டார்கள்.