48 மணி நேரக் கணக்கு

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஃப்ளூ ஊசி முகாம் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஊசியால் உங்கள் பெண்ணுக்குத் தோள் போச்சே, நீங்கள் போட்டுக்கொள்வீர்களா சார்?" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். போட்டுக்கொள்வேன். ஆனால் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெண் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டாள். கையை மடித்துவிடாமல், சட்டையைக் கழுத்துப் பக்கமாக இழுத்து, தோள் எலும்புக்கு ஒட்டியே குத்திவிட்டார்கள். மருந்து தசைக்குள் போகாமல் மூட்டை ஒட்டிய நீர்ப்பைக்குள் போனால் அங்கே அழற்சி வந்துவிடுமாம். அன்று ராத்திரியே வலி. "ஊசி வலிதானே, இரண்டு நாளில் போய்விடும்" என்று சொன்னவன் நான்தான். போகவில்லை. தலை பின்ன முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனாள்.

அந்த நாட்டில் இதற்கென்றே 1986-இல் ஒரு சட்டம் போட்டு, 1988 முதல் இழப்பீடு தருகிறார்கள். தடுப்பூசி டோஸ் ஒன்றுக்கு, அது தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்துதான் பணம் வருகிறது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வாதாடுவது வாஷிங்டனில் உள்ள தனி நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு அரசாங்கம். நியாயமான வழக்கு என்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை அந்த நிதியே கொடுக்கிறது. (கொரோனா ஊசி இதில் சேராது. அது வேறு திட்டம், ஒரே வருடத்துக்குள் மனு போட வேண்டும்.)

தோள் காயத்தை 2017-இல் பட்டியலில் சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது. பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் ஆகியிருக்க வேண்டும். வலி தொடங்கி 3 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

சிக்கல் அந்த 48 மணியில்தான். டாக்டர் குறிப்பில் "சில வாரங்களாகத் தோள் வலி" என்று மட்டும் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து? ஊசிக்குப் பிறகா? ஒன்றும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வாய்வார்த்தை மட்டும் போதாது, மருத்துவப் பதிவோ மருத்துவர் கருத்தோ வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முப்பது வருடம் வவுச்சரில் தேதி இல்லையென்றால் திருப்பி அனுப்பியவன் நான். என் பெண்ணின் வவுச்சரே தேதியில்லாமல் நின்றது.

வக்கீல் கேட்டார், அந்த வாரம் யாருக்காவது மெசேஜ் அனுப்பினீர்களா என்று. எனக்கு அனுப்பியதை இடம் போதவில்லையென்று நான் அழித்துவிட்டேன். என் மனைவி எதையும் அழிக்க மாட்டாள். அவள் போனில் இருந்தது, ஊசி போட்ட அன்று இரவு வந்தது: "அம்மா, கையைத் தூக்கவே முடியல." அதையும் பிஸியோதெரபி சீட்டுகளையும் எலும்பு டாக்டரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இழுத்தடித்து, கடைசியில் சமரசமாக முடிந்தது. தொகையைக் கேட்காதீர்கள். கை இன்னும் முழுசாக மேலே போகவில்லை.

நம் ஊரில் இப்படிப் பட்டியல் வைத்துக் கேட்க வழியில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2 வருடத்துக்குள். ஆனால் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடத்தில் போட்ட ஊசிக்கு அந்த வழியும் இல்லை. 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் முகாமுக்கு வருபவர்கள் தோள் முழுக்கத் தெரிகிற மாதிரி தளர்ந்த அரைக்கைச் சட்டை போட்டு வாருங்கள். உட்கார்ந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள். தோள் எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிப் போடச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். மேஜையில் ஒரு நோட்டு வைக்கிறேன்: பெயர், தேதி, நேரம், எந்தக் கை, மருந்தின் பேட்ச் எண். இரண்டு நாளைக்கு மேல் வலி இருந்தால் டாக்டரிடம் போய், ஊசி போட்ட தேதியைச் சொல்லி எழுதி வாங்குங்கள். பெண்களுக்குத் திரை வைத்துத் தனி இடம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.