மோதலைத் தாங்கும் தூண்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலுள்ள ஆரையம்பதியையும் எதிரேயுள்ள படுவான்கரையையும் நெடுங்காலம் இணைத்தது, மண்முனைத் துறையிலே ஓடிய ‘பாதை’ என்னும் மிதவை. வயலுக்குச் செல்வோரும், நெல்மூடை ஏற்றிய வண்டிகளும், நோயாளரைக் கொண்டு விரைந்தோரும் அதன் வருகைக்காகக் கரையிலே காத்து நின்றனர். யப்பானிய அரசின் உதவியுடன் கட்டப்பெற்ற மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டதும் அந்தக் காத்திருப்பு முடிவுற்றது. இன்று பாலத்தைக் கடப்போர் மேலே செல்லும் வீதியையே நோக்குகின்றனர்; அதனைச் சுமந்து நிற்கும் தூண்களைப் பற்றி எண்ணுவோர் சிலரே.

பாலத்தின் தூணுக்கு இருவகைச் சோதனைகள் உண்டு. ஒன்று, மேலிருந்து நாள்தோறும் இறங்கும் பாரம். மற்றொன்று, என்றோ ஒருநாள் பக்கத்திலிருந்து திடீரென விழும் அடி. வீதிக்கு மேலாகச் செல்லும் பாலங்களின் தூண்கள், ஊர்திகள் ஓடும் ஓரத்திலேயே நிற்பன. அங்கே தடம் புரளும் லொறி தூணிலே மோதுமாயின் நிகழ்வது யாது?

பத்துத் தொன் நிறையுடைய லொறியொன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அது தூணில் மோதி, முகப்பு நசுங்கி, ஒரு மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுமாயின், தூண்மீது விழும் சராசரி விசை ஏறத்தாழ 140 தொன் பாரத்துக்கு ஈடாகும். லொறியின் நிறையைப் போலப் பதினான்கு மடங்கு! வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆய்வாளர்கள் 36 தொன் லொறியை உண்மையாகவே தூணொன்றின்மீது மோதவிட்டு அளந்து பார்த்தனர். அத்தகைய ஆய்வுகளின் பின்னரே, தூண் தாங்கவேண்டிய விசையை ஏறத்தாழ 180 தொன்னிலிருந்து 270 தொன்னுக்கு அந்நாட்டு விதிகள் உயர்த்தின.

இவ்வளவு பெரிய அடியைத் தூண் எவ்வாறு தாங்குகின்றது? கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது; இழுவையைத் தாங்குவதில் மெலிந்தது. பக்கத்தில் அடி விழும்போது தூண் சற்றே வளைய, ஒரு புறம் அமுங்குகின்றது, மறுபுறம் இழுபடுகின்றது. அந்த இழுவையை ஏற்பதற்கே நெடுக்குக் கம்பிகள் உள்ளே நிறுத்தப்படுகின்றன. ஆயினும் அவை மட்டும் போதா. மோதல் விழும் இடம் பெரும்பாலும் அடிப்பகுதிக்கு அண்மையிலே இருப்பதனால், தூண் வளைவதற்கு முன்னரே சரிவாக வெட்டுண்டு போகக்கூடும். அதனைத் தடுப்பன, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாகக் கட்டப்படும் குறுக்கு வளையங்கள். விறகுக் கட்டை எண்ணிப் பாருங்கள். கயிறு இறுகியிருக்கும்வரை அது ஒரே கட்டு. கயிறு அறுந்தால் விறகு சிதறும். உடைந்த கொங்கிறீற்றையும் சிதறவிடாது பிடித்து, தூணை நிற்கச் செய்வன அவ்வளையங்களே.

இனி, அடியைத் தாங்குவதினும் அடி விழாமற் காப்பது மேல். தூணுக்கு முன்னே தடுப்புச் சுவர் எழுப்புவதும், மெல்லிய தூண்களைக் கனத்த சுவரால் இணைப்பதும் இதன்பொருட்டே. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடுத்த கிரான்வில் என்னுமிடத்தில், 1977ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், தடம் புரண்ட புகையிரதம் பாலமொன்றின் தாங்கிகளை முறித்தது. பாலம் பெட்டிகளின்மேல் வீழ்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அங்கே கட்டப்பட்ட பாலத்திற்கு நடுத்தாங்கிகளே இல்லை. ஒரே தாவலாக அது தண்டவாளங்களைக் கடக்கின்றது.

மண்முனைப் பாலத்தின் தூண்களோ நீரிலே நிற்பன. அவற்றை லொறி அணுகாது. எனினும் அவற்றிற்கும் ஒரு பகை உண்டு. அது வாவியின் உப்பு. உப்பு மெல்ல மெல்லக் கொங்கிறீற்றினுள் ஊடுருவி இரும்பை அடையுமாயின் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தைக் கவர்வதனால் மேற்பூச்சு வெடிக்கும். இங்கே கருதவேண்டியது ஒன்றுண்டு. தூணின் புறப்பரப்புக்கு மிக அண்மையிலே இருப்பவை அந்தக் குறுக்கு வளையங்களே. ஆதலால் துரு முதலிலே தின்பதும் அவற்றையே. அத்தகைய தூண் நாள்தோறும் வரும் பாரத்தை முன்போலவே சுமந்து நிற்கும். ஆனால் பக்கத்து அடியைத் தாங்கும் ஆற்றலை மறைவாக இழந்திருக்கும்.

ஆகவே, தூண் நிற்கின்றது என்பதனால் அது நலமாக இருக்கின்றது என்று கொள்ளலாகாது. வீதியோரத் தூணில் ஊர்தி மோதினால், வெடிப்புக்குச் சாந்து பூசி வெள்ளையடிப்பது பரிகாரமன்று. பொறியியலாளர் பார்த்தறிதல் வேண்டும். வாவியிலே தோணி வலிக்கும் மீனவர் ஒருவர், நீர்மட்டத்துக்கு மேலே மயிர்க்கோடு போன்ற வெடிப்பையோ, செந்நிறக் கறை வழிவதையோ காண்பாராயின், அதனை வீதி அபிவிருத்தி அதிகாரசபையினருக்கு அறிவித்தல் ஊருக்குச் செய்யும் தொண்டாகும். பாலத்தைக் கட்டியவர்கள் பொறியியலாளர்கள். அதனைக் காக்கும் கண்களோ கரையில் வாழ்வோருடையவை.