பெட்ரோல் எங்கே நின்றது?

(செம்பூரில் ஓட்டுநர்களும் மெக்கானிக் வேலை பழகும் இளைஞர்களும் கூடிய மாலை வகுப்பில் ஒரு மூத்த மெக்கானிக் பேசியது)



என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதிலும் பழைய வண்டி. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி.

"இந்தக் காலத்தில் அது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் பக்கத்துக் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் தயாராயின. அவற்றில் பெட்ரோல் எஞ்சின் வைத்தவையும் உண்டு. பெட்ரோல் செலவு தாங்காமல் பலர் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அதே குர்லாவில் பிறந்த பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு மும்பைத் தெருவை விட்டுப் போய்விட்டது. ஆனால் கார்புரேட்டர் போய்விடவில்லை. 2020 ஏப்ரலுக்கு முன் வந்த பைக், ஸ்கூட்டர் பலவற்றில் அதுதான் இருக்கிறது. கல்யாண வீட்டுச் சின்ன ஜெனரேட்டரிலும் இருக்கிறது. அதனால் கேளுங்கள்.

முதலில் பெட்ரோல் போகும் வழியைச் சொல்கிறேன். லாரியில் டேங்க் கீழே இருக்கும். எஞ்சின் மேலே இருக்கும். பெட்ரோல் தானாக மேலே ஏறாது. எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. அதற்குள் டயாபிரம் என்ற ஒரு சவ்வு உண்டு. எஞ்சின் சுற்றும்போது அந்தச் சவ்வு மேலும் கீழும் அசையும். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, கார்புரேட்டருக்குத் தள்ளும். கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. வீட்டு மாடித் தொட்டியில் பந்து மிதக்கிறதே, அதே வேலைதான். கிண்ணம் நிறைந்தால் ஊசி வால்வு வழியை அடைக்கும். குறைந்தால் திறக்கும். கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் என்ற சிறு துளை வழியாகக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும்.

டேங்க், பைப், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர். இதுதான் வழி. கார்புரேட்டர் கடைசியில் இருக்கிறது. ஆனால் வண்டி நின்றதும் எல்லாரும் முதலில் எதைக் கழற்றுகிறோம்? கார்புரேட்டரை! கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, பாவம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1986-ஆம் ஆண்டு. ராணுவ ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை ஓர் அண்ணாச்சி கடன் வாங்கி வாங்கியிருந்தார். திருநெல்வேலிக்காரர். ஐஸ் பார்களைக் கோணியும் மரத்தூளும் போட்டு மூடி, வாஷி பாலம் தாண்டிப் பன்வேல் பக்கம் கொண்டுபோவார். நடுவழியில் வண்டி நின்றால் என்ன ஆகும்? சரக்கு தண்ணீராக ஒழுகும். கரைந்த ஐஸுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

வண்டி பாலத்து ஏற்றத்திலேயே நின்றது. ஒருநாள் இல்லை, வாரத்துக்கு மூன்று நாள். என்னிடம் வந்தார்.

"தம்பி, வண்டி செம்பூருல நல்லாத்தான் கிளம்புது. பாலம் ஏறும்போது விக்குது, அப்புறம் செத்துப்போவுது."

நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். ஜெட்டை ஊதினேன். கிண்ணத்தில் கொஞ்சம் கச்சரா இருந்தது. "இதுதான் காரணம்" என்றேன். வண்டி ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடி பாலத்தில் நின்றது. "கார்புரேட்டரே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றேன். அவர் குர்லாவில் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினார். அவருக்கு அது பெரிய பணம். மாட்டினேன். ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மீண்டும் நின்றது!

தம்பிகளே, இதைக் கவனியுங்கள். இரண்டு முறையும் நான் கை வைத்தபின் வண்டி ஓடியது. அதனால் என் வேலை சரி என்று நம்பினேன். உண்மையில் என்ன நடந்தது?

கடைசி முறை அவர் பாலத்துக்கே என்னை அழைத்துப் போனார். வண்டி விக்கியது, நின்றது. நான் ஸ்பேனரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "இருடா தம்பி, பெட்ரோல் இருக்கான்னு பாக்கேன்" என்று டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரும் சத்தம் இல்லை. உள்ளே போகும் சத்தம்.

மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் தாள். பாலத்துக் குலுக்கலில் பெட்ரோல் தெறித்து வீணாகிறது என்று அவர்தான் இரண்டு மடிப்பாக மடித்து வைத்து மூடியிருந்தார். தாள் உள்பக்கமாகக் குழிந்து கிடந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். 'களுக் களுக்' என்று கொஞ்சம் வரும், நிற்கும். எதிர்ப் பக்கம் இன்னொரு துளை போட்டால் தாராளமாக ஒழுகும். பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் மூடியில் சிறு துளை வைத்திருக்கிறார்கள். பாலிதீன் அதை அடைத்துவிட்டது. அரை மணி, முக்கால் மணி ஓடியதும் டேங்குக்குள் காற்று குறைந்தது. பம்ப் எவ்வளவு இழுத்தும் பெட்ரோல் வரவில்லை. பாலத்து ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். அதனால் அங்கே நின்றது.

நான் ரிப்பேர் செய்யும்போதெல்லாம், ஓட்டிப் பார்க்கும் முன் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றினோம். காற்று உள்ளே போய்விட்டது. வண்டி ஓடியது. பெயர் எனக்கு!

அதன்பின் நான் வேலை பார்க்கும் முறை மாறியது. இப்போது முதலில் கேள்விதான் கேட்கிறேன். எப்போது நின்றது? குளிர்ந்த எஞ்சினா, சூடேறிய எஞ்சினா? கிளம்பி எவ்வளவு நேரம்? ஏற்றமா, சமதளமா? நின்ற பின் தானாகச் சரியானதா? ஓட்டுகிறவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். நீங்கள் இப்போது எழுதப் பழகிவிட்டீர்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் நேரமும் இடமும் எழுதி வையுங்கள். அண்ணாச்சிக்கும் எனக்கும் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் இரண்டாம் முறையே தெரிந்திருக்கும்.

அடுத்து, பெட்ரோல் எதுவரை வருகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறட்டும். காயிலுக்குக் கரண்ட் வரும் சிறு வயரைக் கழற்றி, நுனியில் துணி சுற்றுங்கள். அப்போது பொறி வராது. கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். பெட்ரோல் விட்டு விட்டு, பலமாகப் பீய்ச்ச வேண்டும். அப்படி வந்தால் பம்ப் வரை பழுதில்லை. இனி கார்புரேட்டரைச் சந்தேகப்படலாம். சொட்டுச் சொட்டாக வந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பின்னால் போங்கள்.

முதலில் மூடி. பிறகு ஃபில்டர். பிறகு ரப்பர் ஹோஸ். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸ் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமலே போகலாம். ஏனென்றால் அங்கே உறிஞ்சும் வேலைதான். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், வண்டி நின்றிருக்கும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

பம்பில் சவ்வு கிழிந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேய்ந்துவிடும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2023-லிருந்து 20 சதவீதக் கலவை வரத் தொடங்கியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய காலத்து ரப்பரையும் சவ்வையும் ஊதவைக்கும், இளக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கலவையைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் வண்டியைப் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

கடைசியில் கார்புரேட்டருக்கே வந்தாலும் ஜெட்டில் கம்பி விடாதீர்கள். அது பித்தளை. துளை பெரிதாகிவிடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். காற்றால் ஊதினால் போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கோபக்காரன். ஒன்று, கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்வது. எஞ்சின் திருப்பி அடித்தால் தீ நேரே முகத்துக்கு வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் கேரேஜ் குழியிலும் தங்கும். பீடி தூரத்தில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அண்ணாச்சி கதையின் மீதியைக் கேட்கிறீர்கள். பாலிதீனை எறிந்துவிட்டு, துளையுள்ள நல்ல மூடி ஒன்று போட்டோம். பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டினேன். அது நன்றாகவே ஓடியது. வாங்கியதைக் கடைக்காரர் பாதி விலைக்குத்தான் திரும்ப எடுத்தார். மீதியை நான் மூன்று மாதத்தில் கொடுத்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

வெளியே ஒரு பழைய ஜீப் நிற்கிறது. காயில் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதில் ஒரு கோளாறும் செய்து வைத்திருக்கிறேன். பாட்டிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். தீப்பெட்டி, பீடி எல்லாம் இந்த மேஜை மேலேயே இருக்கட்டும்.