ஊர் எது என்ற வினா



திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பொன்முடி மலை. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், மூடுபனிக்கிடையே தேயிலைத் தோட்டங்கள் தென்படும். அங்கே மலையாளத்தோடு தமிழும் செவியில் விழும். தோட்ட வேலைக்கென வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் தமிழ் அது. “உங்கள் சொந்த ஊர் எது?” என்னும் வினா அக்குடும்பங்களுக்குப் புதிதன்று, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் உங்களுக்கும் புதிதன்று. நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஒருவரையே அவ்வினா ஒருமுறை தோற்கடித்தது. பின்னர் அவரைத் தேர்ந்தெடுத்து மக்களவைக்கு அனுப்பிய தொகுதிகளுள் ஒன்று இந்தத் திருவனந்தபுரம். அவர்தாம் வி. கே. கிருஷ்ண மேனன்.

அவர் பிறந்த காலத்தில் மலபார், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கோமத்து கிருஷ்ண குறுப்பு, கோழிக்கோட்டில் செல்வாக்குமிக்க வழக்கறிஞர். தாயார் லட்சுமிக்குட்டி அம்மை, 1815 முதல் 1817 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த ராமன் மேனனின் பேர்த்தி. ஆகவே திருவனந்தபுரத்தோடு தாய்வழித் தொடர்பு உண்டு. எனினும் கிருஷ்ண மேனன் அந்தக் குலப்பெருமையைக் கொண்டு வாழ்ந்தவர் அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தில் ஈடுபட்டு, 1924இல் இங்கிலாந்து சென்றார். அங்கேயே 28 ஆண்டுகள் கழிந்தன. இந்தியா லீக் என்னும் அமைப்பின் வாயிலாக நம் விடுதலைக்கு ஆதரவு திரட்டிய அதே வேளையில், லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் பகுதி மக்கள் 1934இல் அவரைத் தங்கள் நகரமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். 1947 வரை அப்பதவியில் இருந்தார். ஆளும் நாட்டின் தலைநகரில், ஆளப்படும் நாட்டவர் ஒருவருக்குக் கிடைத்த வாக்குகள் அவை! அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தேநீரே அவருக்குப் பாதி உணவு என்பர்.

1957இல் வடபம்பாய்த் தொகுதியில் வென்று பாதுகாப்பு அமைச்சரானார். ஆயுதங்களை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1958இல் உருவானதும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு அடிகோலியதும் அவர் காலத்தில்தான். ஆனால் படைத்தலைவர்களோடு அவருக்கு இணக்கமில்லை; 1959இல் ஜெனரல் திம்மையா பதவி விலகல் கடிதமே கொடுத்துப் பின் திரும்பப் பெற்றார். 1962இல் சீனத் தாக்குதலின்போது நமது படைகள் போதிய ஆயத்தமின்றி நின்றன. அப்பழி முழுவதும் அவருடையது அன்று; ஆயினும் அவருடையதும் ஆகும். அவர் பதவி விலகினார்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். 1967 தேர்தலில் காங்கிரஸ் அவருக்கு இடம் மறுத்தபோது சொல்லப்பட்ட காரணம் சீனப் போர் அன்று. அவர் மராட்டியர் அல்லர் என்பதே. தென்னிந்தியர்க்கு எதிரான குரல் பம்பாயில் ஓங்கிய நேரம் அது. சுயேச்சையாக நின்று தோற்றார். அவ்வாண்டே வந்த இடைத்தேர்தலிலும் தோற்றார். இரண்டு முறை தம்மைத் தேர்ந்தெடுத்த ஊரிலேயே அவர் அயலார் ஆகிவிட்டார். சட்டமோ வேறு விதமாகப் பேசுகிறது. நாட்டின் ஏதேனும் ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராயிருப்பவர், பொதுவாக வேறெந்தத் தொகுதியிலும் நிற்கலாம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சட்ட வாசகங்களைப் படித்துப் பழகியவன் நான். ‘வந்தேறி’ என்று மொழிபெயர்க்க வேண்டிய சொல் எதையும் அந்த விதியில் கண்டதில்லை.

1969இல் வங்காளத்தின் மிதுனாப்பூர் மக்கள் இடைத்தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவருக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. 1971இல் இடதுசாரிகளின் ஆதரவோடு திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக வென்றார். மலபாரில் பிறந்தவருக்கு அதுவும் புதிய ஊரே. 1974 அக்டோபர் 6ஆம் நாள் தில்லியில் காலமானபோதும் அவர் திருவனந்தபுரத்தின் உறுப்பினர்தாம். அவர் அமைச்சராயிருந்த நாளில் தொடங்கிய சைனிக் பள்ளிகளுள் ஒன்று, 1962 முதல் அந்நகரை அடுத்த கழக்கூட்டத்தில் நடந்து வருகிறது.