இ-வே பில்லுக்கு இரண்டாவது பூட்டு

ஆம்பூரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள தோலோ காலணியோ சென்னைக்கு லாரி ஏற வேண்டுமானால் இ-வே பில் என்ற மின்னணு சரக்குச் சீட்டு தேவை. மாநிலம் தாண்டினால் வரம்பு ஐம்பதாயிரம்தான். இந்தச் சீட்டை எடுக்கும் இணையதளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். 100 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு அது 2023-லேயே வந்துவிட்டது.

கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். அரசின் சந்தேஸ் செய்திச் செயலியிலும் வரும். இரண்டையும்விடக் கெட்டிக்காரத்தனமானது என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற செயலி. இத்தகைய செயலிகளில், பதிவின்போதே ஓர் இரகசியக் குறியீடு போனுக்கும் சர்வருக்கும் பொதுவாகிவிடும். அதையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைச் செயலி காட்டும். இணையம் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். போன் கடிகாரம் பிசகினால் மட்டும் எண் பொருந்தாது.

நள்ளிரவில் சரக்கு ஏறியதும் ஓடிபி கேட்டு டேனரி முதலாளியை எழுப்ப வேண்டியதில்லை. கணக்கரைத் துணைப் பயனராகச் சேர்த்தால் ஓடிபி அவர் எண்ணுக்கே போகும். அவர் வேலையை விட்டுப் போனால், அன்றே அந்தத் துணைக் கணக்கை முடக்கிவிடுங்கள்.