நாயும் நம் ஆயுளும்



நான் டாக்டர் இல்லை. சூளை பார்க்கிற இன்ஜினியர். "நாய் வளர்த்தா ஆயுசு கூடும்"னு சொல்றாங்களே, அது உண்மையா?

அமெரிக்காவில் எரிக்கா ஃபிரீட்மன் குழுவினர், இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்து 1980-ல் வெளியிட்ட கணக்கு இது: செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தவர் 3, இல்லாத 39 பேரில் 11. ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் சொன்னார்கள்: தனியாக வாழ்பவர்களில், நாய் வளர்ப்போருக்கு இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவு.

உடனே முடிவு கட்டிடாதீங்க. ஜாடி விரிசல் விட்டால் மண்ணா, சூடா, கிளேஸா என்று பிரித்துப் பார்க்க நமக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் இந்த விருத்தாசலம். திடமாக இருப்பவர்தான் நாய் வளர்க்கிறாரோ என்னவோ! ஆனாலும் தினமும் நம்மை நடக்க வைக்கும். பேச்சுத்துணை இல்லாத வீட்டில் துணையாக இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் நம் சீனியர்களுக்கு இது சின்ன விஷயமா?

மறுபக்கமும் உண்டு. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அபூர்வம். அதைத் தடுக்கத்தான் 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள். தெருநாய்க்கு பிஸ்கட் போடும் ஹாஸ்டல் தம்பிகளே, பல் கீறினால்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்க. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோங்க.

வளர்ப்பவர்கள் நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடுங்க, தினமும் அதோடு நடங்க. ஆயுசு கூடுதோ இல்லையோ, இருக்கிற நாள் நல்லா இருக்கும்.